எதைவிட? எவ்வளவு? ஆலைத்தளத்தில் ஒப்பிட்டுப் பேசும் முறை

அத்தியாயம் 6

வடக்குப்பட்டு ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். சுற்றிலும் எந்தத் திசையில் போனாலும் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் திறந்தன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைகளும் பெரிய கம்பெனிகளும் இந்தத் தடம் முழுக்க இருக்கின்றன. ஒரே ஷிப்டில் தமிழ் பேசுபவரும், இந்தி, ஒடியா, வங்காளம் பேசுபவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். தரம் பார்க்க வருபவர் கொரியராகவோ ஜப்பானியராகவோ இருக்கலாம்.

எண்கள், கருவிப் பெயர்கள், கேள்வி கேட்பது ஆகிய மூன்றையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இனி ஒப்பீடு. ஆலைப் பேச்சில் பாதி இதுதான். ‘இது நீளம்’ என்று யாரும் சும்மா சொல்வதில்லை. எதையோ பக்கத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த ‘எதையோ’ வாய்விட்டுச் சொல்லப்படாதபோதுதான் சரக்கு ரீவொர்க்குக்குப் போகிறது.

நான்கு இடங்கள்

எந்த மொழியானாலும் ஒப்பீட்டு வாக்கியத்தில் நான்கு இடங்கள் உண்டு.

1. எது? – பேசப்படும் பொருள்.
2. எதைவிட? – அதற்கு அளவுகோலாக நிற்கும் பொருள்.
3. எதில்? – நீளமா, எடையா, சூடா, வேகமா.
4. எவ்வளவு? – எண்ணும் அலகும்.

நான்கும் நிறைந்த வாக்கியம் இப்படி இருக்கும்: ‘இந்த ஷாஃப்ட் மாஸ்டர் பீஸைவிட விட்டத்தில் 0.05 மில்லி ஜாஸ்தி.’ இதைக் கேட்டவருக்கு மறுகேள்வி தேவைப்படாது.

அதே இடத்தில் ‘இது பெருசா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் முதல் இடம் தவிர மற்ற மூன்றும் காலி. மாஸ்டர் பீஸைவிடப் பெரிதா, நேற்றைய லாட்டைவிடப் பெரிதா, வரைபடத்தில் உள்ள அளவைவிடப் பெரிதா? விட்டத்திலா நீளத்திலா? கேட்பவர் தன் மனத்தில் இருப்பதைக் கொண்டு காலி இடங்களை நிரப்பிக்கொள்வார். அவர் நிரப்பியதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருவரும் ஒரே மொழி பேசினாலே இந்தச் சிக்கல் வரும். வேறு வேறு மொழி என்றால் இன்னும் எளிதாக வரும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு மொழியிலும் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்யப்போகிறோம்: இந்த நான்கு இடங்களும் அந்த மொழியில் எங்கே உட்காருகின்றன என்று பார்ப்பது.

முதலில் நம் தமிழ்

பிறர் மொழிக்குப் போகுமுன் நம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். தமிழில் அளவுகோலாக நிற்கும் பெயரோடு ‘ஐ’ சேர்த்து ‘விட’ என்கிறோம்: அதைவிட, அந்த போல்ட்டைவிட. எழுத்து நடையில் ‘காட்டிலும்’ என்றும் வரும். பேச்சில் ‘அதவிட இது ரெண்டு மில்லி ஜாஸ்தி’, ‘அதவிட இது கம்மி.’ எல்லாவற்றிலும் மேலானதைச் சொல்ல ‘இருக்கறதுலயே நீளம்’ அல்லது ‘எல்லாத்தவிட நீளம்.’ சமமாக இருந்தால் ‘அதே அளவு.’ எட்டவில்லை என்றால் ‘அவ்வளவு நீளம் இல்ல.’

பழைய தமிழில் ‘விட’ இல்லாமலே இந்த வேலை நடந்தது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள்களை நன்னூல் வகுக்கிறது. ஓரிடத்தை விட்டு நீங்குவதைச் சொல்லும் உருபே இரண்டு பொருள்களை ஒப்பிடவும் பயன்பட்டது. இதை நினைவில் வையுங்கள். இந்திப் பகுதியில் உடனே உதவும்.

‘விட’ என்ற சொல்லில் ஒரு கவனம் வேண்டும். அதன் முன் எப்போதும் ‘ஐ’ மட்டுமே வரும். அதனால் அளவுகோல் பொருள் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பது மறைந்துவிடும். ‘இரண்டாம் லைனைவிட முதல் லைன் எனக்கு நல்லாத் தெரியும்’ என்றால் பொருள் தெளிவு. ‘செல்வத்தைவிட முருகனை எனக்கு நல்லாத் தெரியும்’ என்றால்? செல்வத்தை எனக்குத் தெரிவதைவிட முருகனை எனக்கு அதிகம் தெரியும் என்றும் கொள்ளலாம். செல்வத்துக்கு முருகனைத் தெரிவதைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றும் கொள்ளலாம். இப்படிப்பட்ட இடங்களில் வினையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘செல்வத்துக்கு முருகனைத் தெரியறதவிட எனக்கு நல்லாத் தெரியும்.’ வாக்கியம் நீள்வதால் நஷ்டமில்லை.

இந்தி: ‘ஸே’

இந்தியில் ‘விட’ இருக்கும் இடத்தில் ‘ஸே’ வரும். சொல் வரிசையும் தமிழ் வரிசைதான்.

யே போல்ட் உஸ் போல்ட் ஸே லம்பா ஹை.
(இந்த போல்ட் அந்த போல்ட்டைவிட நீளம்.)

‘சென்னை ஸே’ என்றால் சென்னையிலிருந்து. அதே ‘ஸே’தான் ஒப்பிடவும் வருகிறது. நம் ஐந்தாம் வேற்றுமை செய்த இரட்டை வேலையை இந்தியில் இன்றும் இந்தச் சிறு சொல் செய்கிறது.

எவ்வளவு என்பதைத் தன்மைக்கு நேர் முன்னால் வையுங்கள்: யே போல்ட் உஸ் போல்ட் ஸே தோ மிலிமீட்டர் லம்பா ஹை.

மூன்று விதிகள் போதும்.

முதலாவது, ‘ஸே’ வந்தால் அதற்கு முந்தைய சுட்டுச்சொல் மாறும். ‘யே’ என்பது ‘இஸ்’ ஆகும்; ‘வோ’ என்பது ‘உஸ்’ ஆகும். ‘வோ போல்ட் ஸே’ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் இரைச்சலான இடத்தில் ‘உஸ்’ என்ற சத்தமே ‘அளவுகோல் இதுதான்’ என்று காதுக்கு அடையாளம் காட்டும்.

இரண்டாவது, தன்மைச் சொல் பாலுக்கு ஏற்ப மாறும். போல்ட் ஆண்பால், ஆகவே லம்பா. பிளேட் பெண்பால், ஆகவே: யே பிளேட் உஸ் பிளேட் ஸே மோட்டீ ஹை (இந்த பிளேட் அதைவிடத் தடிமன்). இதில் தவறினாலும் பொருள் கெடாது. ‘ஸே’யை விட்டுவிட்டால்தான் பொருள் கெடும்.

மூன்றாவது, எண்ணிக்கையும் அளவும் சொல்ல ‘ஜ்யாதா’, ‘கம்.’ நாம் தினம் சொல்லும் ஜாஸ்தி, கம்மி இரண்டும் இவற்றின் உறவுச் சொற்களே. உஸ் டங்கீ ஸே இஸ்மே ஜ்யாதா தேல் ஹை: அந்த டாங்கைவிட இதில் எண்ணெய் அதிகம்.

எல்லாவற்றிலும் மேல் என்பதற்கு ‘சப்ஸே’: யே சப்ஸே லம்பா ஹை. சமம் என்பதற்கு ‘பராபர்’: தோனோ பராபர் ஹை. எட்டவில்லை என்பதற்கு: யே உஸ் ஜித்னா லம்பா நஹீ ஹை.

லைனில் பேச்சு இப்படிப் போகலாம்:

‘பாய், யே வாலா படா ஹை.’ (இது பெரிசா இருக்கு.)
‘கிஸ் ஸே படா?’ (எதைவிடப் பெரிசு?)
‘மாஸ்டர் பீஸ் ஸே.’
‘கித்னா?’ (எவ்வளவு?)
‘பாஞ்ச் பாயின்ட்.’

‘கிஸ் ஸே?’, ‘கித்னா?’ என்ற இரண்டு கேள்விகளையும் நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் கேட்கத் தெரிந்தவரிடம் அரைகுறை ஒப்பீடு தங்காது. மேலே உள்ள பேச்சிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘பாஞ்ச் பாயின்ட்’ என்றால் 0.5 மில்லியா, 0.05 மில்லியா? கருவியின் அளவைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

வங்காளமும் ஒடியாவும்

வங்காளத்தில் அளவுகோல் பெயரின் கடைசியில் ‘ர்’ சேர்த்து ‘சேயே’ என்பார்கள். எய் போல்ட்டா ஒய் போல்ட்டார் சேயே லொம்பா: இந்த போல்ட் அந்த போல்ட்டைவிட நீளம். எல்லாவற்றிலும் மேல் என்பதற்கு ‘ஷொப்சேயே.’

ஒடியாவில் ‘டாரு’ (‘ட’வை மூச்சை ஊதிச் சொல்ல வேண்டும்). ஏஹி போல்ட் ஸேஹி போல்ட் டாரு லம்பா. எல்லாவற்றிலும் மேல் என்பதற்கு ‘ஸபுடாரு.’

இரண்டிலும் இடங்களின் வரிசை தமிழ்தான். நடுவில் உள்ள ஒட்டை மாற்றினால் போதும். பக்கத்தில் வேலை செய்பவரின் சொந்த மொழியில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகுங்கள். அவர் தயக்கமில்லாமல் அளவு சொல்ல வருவார்.

கொரியம்: ‘போதா’

கொரியம் தமிழைப் போலவே ஒட்டுகளை அடுக்கிச் சொல் கட்டும் மொழி. வினை கடைசியில் வரும். ஆகவே வாக்கிய அமைப்பில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. ‘ஐவிட’ இருக்கும் இடத்தில் ‘போதா.’

இ போல்ட்டுகா ஜொ போல்ட்டு-போதா கிரொயோ.
(இந்த போல்ட் அந்த போல்ட்டைவிட நீளம்.)

‘கா’ என்பது எழுவாயைக் காட்டும் ஒட்டு. ‘கிரொயோ’ என்றால் நீளமாக இருக்கிறது. ‘தொ’ என்றால் ‘இன்னும்’. தன்மைக்கு முன் சேர்த்தால் அழுத்தம் கூடும்: ஜொ போல்ட்டு-போதா தொ கிரொயோ. அளவைச் சொல்ல: ஜொ போல்ட்டு-போதா சாம் மில்லி கிரொயோ (மூன்று மில்லி நீளம்).

தேவையான சொற்கள்: கொயோ (பெரிது), ஜாகாயோ (சிறிது), முகொவொயோ (கனம்). எல்லாவற்றிலும் மேல் என்பதற்கு ‘ஜேயில்’: இ போல்ட்டுகா ஜேயில் கிரொயோ. சமம் என்பதற்கு ‘தொக்காதாயோ.’

மரியாதை முக்கியம். ‘யோ’ முடிவு சக ஊழியரிடம் போதும். துறைத் தலைவரிடம் அறிக்கை சொல்லும்போது ‘கிரொயோ’வுக்குப் பதில் ‘கிம்னிதா’ என்று முடியுங்கள். பெயர் சொல்லி அழைக்காமல் பதவியோடு ‘நிம்’ சேர்த்து அழைப்பதே வழக்கம். துறைத் தலைவர் ‘புஜாங்நிம்.’

ஜப்பானியம்: ‘யோரி’

கொனோ போருதோ வா அனோ போருதோ யோரி நகாய் தெஸ்.
(இந்த போல்ட் அந்த போல்ட்டைவிட நீளம்.)

‘யோரி’ நம் ‘விட.’ அளவு தன்மைக்கு முன்: அனோ போருதோ யோரி சான் மிரி நகாய் தெஸ் (மூன்று மில்லி நீளம்).

ஜப்பானியர் ஒப்பீட்டைக் கேள்வியாகக் கேட்கும்போது தனி அமைப்பு வரும். இரண்டில் எது என்று கேட்க ‘தோச்சிரா’:

கொனோ போருதோ தோ அனோ போருதோ தோ, தோச்சிரா கா நகாய் தெஸ் கா?
(இந்த போல்ட், அந்த போல்ட், இரண்டில் எது நீளம்?)

விடை: கொனோ போருதோ நோ ஹோ கா நகாய் தெஸ். ‘நோ ஹோ கா’ என்றால் ‘இந்தப் பக்கம் இருப்பதுதான்’ என்று தேர்ந்தெடுத்துக் காட்டுவது. இந்த விடையில் ‘எதைவிட’ இல்லையே என்று நினைக்க வேண்டாம். கேள்வியிலேயே இரண்டு பொருள்களும் பெயர் சொல்லி வைக்கப்பட்டுவிட்டன.

எட்டவில்லை என்பதற்கு ‘ஹோதோ’வும் எதிர்மறையும்: கொனோ போருதோ வா அனோ போருதோ ஹோதோ நகாகு நாய் தெஸ். எல்லாவற்றிலும் மேல் என்பதற்கு ‘இச்சிபான்.’ சமம் என்பதற்கு ‘ஒனாஜி.’ பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைப்பது மரியாதை.

எல்லைச் சொற்கள்: இந்தப் பகுதியைத் தாண்ட வேண்டாம்

பொருளோடு பொருளை ஒப்பிடுவதைப் போலவே எண்ணோடு பொருளை ஒப்பிடுவதும் தினசரி வேலை. ‘10-க்கு மேல் இருந்தால் ரிஜெக்ட்’ என்கிறார் ஒருவர். கருவி சரியாக 10.00 காட்டினால்? இங்கே எண் தானும் உள்ளே சேருமா என்பதே கேள்வி.

தமிழில் இதற்குத் துல்லியமான சொற்கள் இருக்கின்றன. அரசு ஆணைகளிலும் டெண்டர்களிலும் பார்த்திருப்பீர்கள். ‘10-க்குக் குறையாமல்’ என்றால் 10 சேரும். ‘10-க்கு மிகாமல்’ என்றாலும் 10 சேரும். ‘10-க்கு மேல்’, ‘10-க்குக் கீழ்’ என்றால் 10 சேராது. பேச்சில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. தளத்தில் அதைக் காப்பாற்ற வேண்டும்.

கொரியத்தில் நான்கு சொற்கள்:
இசாங் – குறையாமல் (எண் சேரும்)
இஹா – மிகாமல் (எண் சேரும்)
சோக்வா – மேல் (எண் சேராது)
மிமான் – கீழ் (எண் சேராது)

ஜப்பானியத்தில்:
இஜோ – குறையாமல் (எண் சேரும்)
இகா – மிகாமல் (எண் சேரும்)
மிமான் – கீழ் (எண் சேராது)

‘மிமான்’ இரண்டிலும் ஒரே ஒலியோடு ஒரே பொருளில் வருவது நமக்கு வசதி. வேலை விளக்கத் தாளில் இந்தச் சொற்களில் ஒன்று இருந்தால் மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘அந்த எண் சேருமா, சேராதா?’ பதிலைத் தாளின் ஓரத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கும் அது பயன்படும்.

மடங்கும் சதவீதமும்

‘நேத்தவிட ரெண்டு மடங்கு ஜாஸ்தி’ என்ற வாக்கியத்தை ஒருவர் 100-இலிருந்து 200 என்று கொள்வார். இன்னொருவர் 100-ஓடு இரண்டு மடங்கு கூட்டி 300 என்று கொள்வார். ‘மடங்கு’ வரும் இடத்தில் ‘ஜாஸ்தி’யை எடுத்துவிடுங்கள். ‘நேத்து 100, இன்னிக்கு 200’ என்று இரண்டு எண்ணையும் சொல்வது அதைவிட நல்லது.

ரிஜெக்ட் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகியிருந்தால் ‘1 சதவீதம் கூடியது’ என்பதும் ‘50 சதவீதம் கூடியது’ என்பதும் இரண்டுமே காதில் விழும். முதலாவதைச் சதவீதப் புள்ளி என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் தயக்கமாக இருந்தால் இங்கும் இரண்டு எண்களையும் சொல்லிவிடுங்கள்.

60 டிகிரி செல்சியஸ் என்பது 30 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு ஆகாது. செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் புள்ளி. சூடே இல்லாத நிலை அன்று. வெப்பநிலையை ஒப்பிடும்போது ‘30 டிகிரி ஜாஸ்தி’ என்று வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள்.

வேறு வழியில் ஒப்பிடும் மொழிகள்

இதுவரை பார்த்த எல்லா மொழிகளிலும் அளவுகோல் பெயரோடு ஏதோ ஒரு ஒட்டு சேர்கிறது. உலகில் இது ஒன்றே வழி அன்று. லியோன் ஸ்டாசன் என்ற மொழியியலாளர் 1985-இல் வெளியிட்ட நூலில் பல மொழிகளின் ஒப்பீட்டு முறைகளை வகைப்படுத்தினார். நைஜீரியாவின் யோருபா மொழியில் ‘மிஞ்சு’ என்ற பொருளுள்ள வினையைச் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். பிரேசிலின் ஹிஷ்கர்யானா போன்ற மொழிகளில் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் வைக்கிறார்கள்: ‘இவன் உயரம், அவன் உயரம் இல்லை.’

அதே 1985-இல் இன்னொரு நூலும் வந்தது. மார்க் ஓக்ராண்ட் எழுதிய கிளிங்கன் அகராதி. கிளிங்கன் என்பது ஸ்டார் டிரெக் கதைகளில் வரும் வேற்றுலக வீரர்களின் மொழி. 1984-இல் வெளியான மூன்றாவது ஸ்டார் டிரெக் திரைப்படத்துக்காக ஓக்ராண்ட் அதற்கு இலக்கணம் அமைத்தார். அவர் கலிபோர்னியப் பழங்குடி மொழியான முட்சுனை ஆராய்ந்து 1977-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கற்பனை மொழிதான். ஆனால் அதன் ஒப்பீட்டுச் சூத்திரம் நம் தளத்துக்கு நேராகப் பயன்படும். அதனால்தான் இங்கே இடம் பெறுகிறது.

சூத்திரத்தில் ஆறு இடங்கள்:

முதற்பொருள் – தன்மை – லௌ – இரண்டாம் பொருள் – அதே தன்மை – பூஷ்.

‘லௌ’ என்றால் பல, அதிகம். சொல்லி முடிக்கும்போது தொண்டையைச் சட்டென்று அடைத்து நிறுத்த வேண்டும். ‘பூஷ்’ என்றால் சில, குறைவு. ‘தின்’ என்றால் பெரிதாக இருப்பது. ‘டூஜ்’ என்றால் கப்பல். ‘ஜான்’ என்றால் கருவி. ஆக:

டூஜ் தின் லௌ, ஜான் தின் பூஷ்.
(கப்பலின் பெருமை அதிகம், கருவியின் பெருமை குறைவு. அதாவது, கப்பல் கருவியைவிடப் பெரிது.)

‘தூஜ்’ என்றால் சூடாக இருப்பது. கருவி கப்பலைவிடச் சூடு என்பதற்கு: ஜான் தூஜ் லௌ, டூஜ் தூஜ் பூஷ். எல்லாவற்றிலும் மேல் என்பதற்கு இரண்டாம் பொருளின் இடத்தில் ‘எல்லாம்’ என்னும் பொருளுள்ள ‘ஹோச்’: டூஜ் தின் லௌ, ஹோச் தின் பூஷ். கப்பலே எல்லாவற்றிலும் பெரிது.

‘டூஜ்’ என்பதில் உள்ள ‘ட்’டும் ‘பூஷ்’ என்பதில் உள்ள ‘ஷ்’ஷும் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள். ஆங்கிலம் மட்டும் பேசுபவர் இவற்றுக்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். தமிழர் நாக்கு ஏற்கெனவே பழகியது.

இந்தச் சூத்திரத்தின் சிறப்பு என்ன? இரண்டு பொருள்களையும் பெயர் சொல்லாமல் வாக்கியம் முடியாது. தன்மையையும் இரண்டு முறை சொல்லியாக வேண்டும். ‘இது பெருசா இருக்கு’ என்று பாதியில் நிறுத்த இந்த அமைப்பு இடம் கொடுப்பதில்லை. நம் நான்கு இடங்களில் முதல் மூன்றையும் இலக்கணமே கட்டாயமாக்கிவிடுகிறது. நான்காவதான ‘எவ்வளவு’ என்பதற்கு மட்டும் சூத்திரத்துக்குள் இடமில்லை. அதை நாம் சேர்த்துக்கொள்வோம்.

இதைத் தளத்துப் பயிற்சியாக மாற்றலாம். பிற மொழியில் ஒப்பீடு சொல்லுமுன் மனத்துக்குள் தமிழில் இரண்டாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்:

‘ஷாஃப்ட் விட்டம் அதிகம், மாஸ்டர் பீஸ் விட்டம் குறைவு, வித்தியாசம் 0.05.’

இந்த மூன்று துண்டும் வாயில் வந்துவிட்டால் ஸே, போதா, யோரி எதில் வேண்டுமானாலும் மடித்துக்கொள்ளலாம். ஒரு துண்டு வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் அளக்கவில்லை என்று பொருள். முதலில் அளந்துவிட்டு வாருங்கள். ஒட்டுச் சொல் மறந்துபோன அவசரத்திலும் இந்த மூன்று துண்டும் கைகொடுக்கும். இரண்டு பொருளையும் கையில் எடுத்துக் காட்டி, ஒன்றுக்கு ‘ஜ்யாதா’, மற்றொன்றுக்கு ‘கம்’ என்றாலே இந்தி பேசுபவருக்கு முழு ஒப்பீடும் போய்ச் சேரும்.

பயிற்சி

1. ‘பேரிங் சூடா இருக்கு.’ நான்கு இடங்களும் நிறைந்த வாக்கியமாக மாற்றுங்கள்.

2. ‘அந்த பிளேட் இந்த பிளேட்டைவிடத் தடிமன்.’ இந்தியில் சொல்லுங்கள்.

3. வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கற்காலக் கருவிகளும் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் அங்கே கிடைத்தன. அந்த இடத்துக்கு ஒரு ஜப்பானிய விருந்தினரை அழைத்துப் போகிறீர்கள். ‘இந்தக் கல் அந்தக் கல்லைவிடப் பழையது’ என்று அவரிடம் சொல்லுங்கள். (இஷி – கல், ஃபுருய் – பழையது.)

4. ‘இந்த போல்ட்தான் எல்லாவற்றிலும் நீளம்.’ கொரியத்தில் சொல்லுங்கள்.

5. தாளில் ‘8 மிமான்’ என்று இருக்கிறது. கருவி 8.00 காட்டுகிறது. ஏற்கலாமா? ‘8 இகா’ என்று இருந்தால்?

6. ‘மாச்’ என்றால் கிளிங்கனில் சிறிதாக இருப்பது. கருவி கப்பலைவிடச் சிறிது என்று சொல்லுங்கள்.

விடைகள்

1. ஒரு மாதிரி: ‘மூணாம் நம்பர் பேரிங் ரெண்டாம் நம்பர் பேரிங்கவிட 12 டிகிரி சூடு ஜாஸ்தி.’ எண்ணை நீங்கள் அளந்து போடுங்கள்.

2. வோ பிளேட் இஸ் பிளேட் ஸே மோட்டீ ஹை. ‘இந்த’ என்பது அளவுகோல் இடத்துக்குப் போவதால் ‘இஸ்’ ஆகிறது.

3. கொனோ இஷி வா அனோ இஷி யோரி ஃபுருய் தெஸ்.

4. இ போல்ட்டுகா ஜேயில் கிரொயோ. துறைத் தலைவரிடம் என்றால் கடைசிச் சொல் ‘கிம்னிதா.’

5. ‘மிமான்’ என்றால் 8 சேராது, ஏற்கக்கூடாது. ‘இகா’ என்றால் 8 சேரும், ஏற்கலாம்.

6. ஜான் மாச் லௌ, டூஜ் மாச் பூஷ்.

தொடர்ந்து செய்ய வேண்டியது

இந்த அத்தியாயத்தில் உள்ள பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். எழுத்து வழியாக ஒலியின் முழு வடிவமும் வராது. அந்தந்த மொழி பேசுபவரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு நம் ‘விட’வைக் கற்றுக்கொடுங்கள். ‘அதவிட இது ரெண்டு மில்லி ஜாஸ்தி’ என்று அவர் தமிழில் சொல்லத் தொடங்கினால் லைனில் பாதிக் குழப்பம் தீரும்.

யார் எந்த மொழியில் ஒப்பிட்டுச் சொன்னாலும் ‘எதைவிட?’, ‘எவ்வளவு?’ என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். மேலதிகாரியிடமும் மரியாதையோடு கேட்கலாம், கேட்க வேண்டும். பதில் கிடைத்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.